அலெக்சாண்டர் டெக்னிக் ஆசிரியர் பயிற்சி: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

அலெக்சாண்டர் டெக்னிக் என்பது உட்காரும்போதும் எழும்போதும் பேசும்போதும் நம்மை அறியாமல் உடம்பை இறுக்கும் பழக்கத்தைக் கவனித்து நிறுத்தக் கற்பது. லண்டனில் அதன் ஆசிரியர் பயிற்சியில் சேருகிறவர்களில் பலர் முதலில் வலியோடு வந்தவர்கள். முதுகுவலி, கழுத்துவலி, வயலின் வாசிப்பவர்களுக்குத் தோள்வலி. தனிப் பாடம் எடுத்து, வலி குறைந்து, உடம்பு லேசானதும் இதையே தொழிலாக்கினால் என்ன என்று தோன்றும். வலி போன சந்தோஷத்தில் எடுக்கிற முடிவில் கணக்கு வழக்கு இருக்காது. நானும் அந்த வழியாக வந்தவன்தான். பாதியில் பள்ளி மூடப்பட்டது, கட்டிய பணத்தில் ஒரு பகுதி திரும்பவே இல்லை, மீதிப் பயிற்சியை வேறு பள்ளியில் முடித்தேன். அந்த நாட்களில் யாரிடம் என்ன கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. தமிழில் விசாரிக்கலாம் என்றால் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. அதனால் எழுதுகிறேன்.

பயிற்சி ஏன் இவ்வளவு நீளம் என்பது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். ஃபிரெடரிக் மத்தயஸ் அலெக்சாண்டர் 1869-ல் தாஸ்மேனியாவில் பிறந்தவர், மேடையில் கவிதையும் நாடக வசனமும் சொல்லிப் பிழைத்தவர். குரல் கம்மிக்கொண்டே போனது. மருத்துவத்தில் வழி பிறக்காமல் கண்ணாடி முன்னால் நின்று தன்னையே கவனித்தார். பேச ஆரம்பிக்கும்போதே தலையைப் பின்னுக்கு இழுக்கிறோம், குரல்வளையை அழுத்துகிறோம், வாயால் காற்றை உறிஞ்சுகிறோம் என்பது தெரிந்தது. திருத்திக்கொள்ளப் பார்த்தால் இன்னொரு சிக்கல்: தலையை முன்னால் வைத்திருக்கிறோம் என்று அவர் நினைத்த நேரத்தில் கண்ணாடியில் அது பின்னால்தான் இருந்தது. பழகிப்போன கோணல் நேராகத் தோன்றும், நேராக நின்றால் கோணலாகத் தோன்றும். புத்தகத்தைப் படித்துவிட்டோ காணொலியைப் பார்த்துவிட்டோ இதைக் கற்க முடியாமல் போவது இதனால்தான். தெரிந்தவர் ஒருவர் கை வைத்து, பழைய வழிக்குப் போகாமல் திரும்பத் திரும்ப வேறு அனுபவத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அலெக்சாண்டர் 1904-ல் லண்டனுக்கு வந்து, 1931-ல் ஆஷ்லி பிளேஸில் முதல் ஆசிரியர் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். மூன்று வருடம் என்ற வழக்கம் அங்கிருந்து வருகிறது. நீங்கள் கட்டும் கட்டணம் பாடத்திட்டத்துக்கோ சான்றிதழுக்கோ அல்ல, உங்கள் மேல் படப்போகும் கைகளுக்கு. பள்ளியைப் பார்க்கப் போகும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலெக்சாண்டர் 1955-ல் இறந்த பிறகு, 1958-ல் இங்கே ஆசிரியர் சங்கம் உருவானது. சுருக்கமாக ஸ்டாட் என்பார்கள். அவர்கள் அங்கீகரிக்கும் பயிற்சிக்குக் குறைந்தது மூன்று வருடம், 1600 மணி நேரம் வேண்டும். அதில் பெரும்பகுதி செய்முறை. ஐந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விகிதம். வருடத்துக்கு 36 வாரம், வாரத்துக்கு 15 மணி என்று வைத்தால் மூன்று வருடத்தில் 1620 மணி வரும். கையிருப்பு வெறும் 20 மணி. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்து, ஊரில் ஒரு கல்யாணத்துக்கும் போய்வந்தால் கணக்கு உதைக்கும். விட்ட மணியை ஈடுகட்ட என்ன வழி, அதற்குத் தனியாகப் பணம் உண்டா என்று சேரும் முன்பே கேளுங்கள். எனக்கு ஒரு பருவத்துக்கு இரண்டாயிரம் பவுண்டு சொச்சம் கட்டணம். மூன்று வருடத்துக்கு ஒன்பது பருவம், பதினெட்டாயிரத்தைத் தாண்டும். இதைவிடப் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாதது. வகுப்பு காலையில் நடப்பதால் முழுநேர வேலை பார்க்க முடியாது. அலுவலகத்தில் பாதி நேரத்துக்கு எழுதிக்கொடுத்ததில் மூன்று வருடத்தில் போன சம்பளம் பயிற்சிக் கட்டணத்தைவிடப் பல மடங்கு. வீட்டுக் கடன் இருக்கிறவர்கள் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வர நினைப்பவர்கள் கட்டணத்துக்கும் முன்னால் விசாவைப் பாருங்கள். மாணவர் விசாவுக்கு, ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனம் வேண்டும். இந்தப் பள்ளிகளோ சிறியவை, ஒருவர் வீட்டு மாடியிலோ வாடகைக் கூடத்திலோ நடப்பவையும் உண்டு. உரிமம் உள்ளவர்களின் பட்டியலை பிரிட்டிஷ் அரசே இணையத்தில் வெளியிடுகிறது. பள்ளியின் வாய்ச்சொல்லை நம்பாமல் அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு வாரம் முழுக்க இருக்கக் கேளுங்கள், நல்ல பள்ளிகள் விடும். கையில் கடிகாரம் இருக்கட்டும். பத்து மாணவர், இரண்டு ஆசிரியர் என்றால் விகிதம் காகிதத்தில் சரி. மூன்று மணி நேர வகுப்பில் ஒரு மணி நேரம் கூட்டாகப் படிப்பதிலும் பேசுவதிலும் போகும். மீதி 120 நிமிடத்தை ஐந்தால் வகுத்தால் ஒருவருக்கு 24 நிமிடம். இடையில் மாறும் நேரம் போக, ஒரு நாளைக்கு இருபது நிமிடம் தனியாக ஆசிரியரின் கை கிடைத்தால் அது ஒழுங்கான பள்ளி. அது பத்து நிமிடமாகச் சுருங்குகிறதா, ‘இன்று அவர் வரவில்லை’ என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறதா என்று பாருங்கள். சமீபத்தில் சேர்ந்தவரைத் துணை ஆசிரியர் என்று கணக்கில் காட்டுகிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாம் வருட மாணவர் ஒருவரோடு தேநீர் குடித்தால் இதெல்லாம் தானாக வெளியே வரும்.

முதல் வருடத்தில் அடுத்தவர் மேல் கை வைக்கும் வேலை அநேகமாக இருக்காது. தன் உடம்பைக் கவனிப்பதுதான் பாடம். தினமும் முழங்காலை மடக்கி மல்லாந்து படுப்பார்கள், பத்திலிருந்து இருபது நிமிடம். பாதம் தரையில் பதிந்திருக்கும், தலைக்கடியில் மெல்லிய புத்தகங்கள். உயரம் ஆளுக்கு ஆள் மாறும். புத்தகம் குறைந்தால் நெற்றியைவிட முகவாய் மேலே தூக்கிக்கொள்ளும், அதிகமானால் முகவாய் தொண்டையை அழுத்தி எச்சில் விழுங்கச் சிரமமாகும். இரண்டும் இல்லாத உயரம் உங்களுடையது. தலையணை வேண்டாம், தலை அதில் அமிழ்ந்துவிடும். அடுத்தது நாற்காலி. உட்கார்ந்து எழுவதுதான் என்று முதலில் சிரிப்பு வரும். ‘எழுந்திருங்கள்’ என்ற சொல் காதில் விழுந்ததுமே பிடரி இறுகி, தலை பின்னால் சாய்ந்து, முழங்கால் உள்ளே இடிப்பதை ஆசிரியரின் கை காட்டிக்கொடுக்கும். செய்ய வேண்டியது எழுவதல்ல, எழும் அந்த அவசரத்தை நிறுத்துவது. நிறுத்தின பிறகு மனதில் சொல்லிக்கொள்கிற வரிசை: கழுத்து தளரட்டும், தலை முன்னும் மேலுமாகப் போகட்டும், முதுகு நீண்டு அகலட்டும், முழங்கால்கள் முன்னும் விலகியும் போகட்டும். இவற்றைச் ‘செய்ய’ ஆரம்பித்தால் காரியம் கெட்டது. தலையை முன்னால் தள்ளுவதும் நெஞ்சை நிமிர்த்துவதும் புதிய இறுக்கம், அவ்வளவுதான்.

உடற்கூறில் இரண்டு விஷயம் ஆரம்பத்திலேயே சரியாகத் தெரிந்துவிட்டால் மாதக்கணக்கில் நேரம் மிச்சம். தலை கழுத்தின் மேல் உட்காரும் மூட்டு பிடரியில் இல்லை. ஏறத்தாழ இரண்டு காதுகளுக்கும் நடுவே, உள்ளே இருக்கிறது. ஏறக்குறைய ஐந்து கிலோ தலை அங்கேதான் அசைய வேண்டும். இன்னொன்று, குனியும் இடம் பெல்ட் கட்டும் இடுப்பு இல்லை. தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் உள்ள மூட்டு. ‘மங்கி’ என்று அழைக்கப்படும் நிலையில் பாதங்களை இடுப்பகலம் வைத்து, கணுக்கால், முழங்கால், இந்த மூட்டு மூன்றையும் ஒன்றாக மடக்குவார்கள். முதுகு நீளம் குறையாமல் முன்னால் சாய வேண்டும். பெல்ட் இடத்தில் மடிகிறவர்களுக்குக் கீழ்முதுகு வளைந்து, கழுத்து ஈடுகட்டத் தூக்கிக்கொள்ளும். தரையில் சம்மணமிட்டு வளர்ந்தவர்களுக்கு இது சுலபம் என்று வகுப்பில் யாராவது சொல்வார்கள். குந்த முடியும் என்பதும் குந்தும்போது கழுத்தை இறுக்காமல் இருப்பதும் வேறு வேறு.

இந்த வருடத்தில் மனசு படும் பாட்டை எந்தக் கையேடும் சொல்வதில்லை. நடை உட்பட எல்லாமே தப்பு என்று தோன்றும். பஸ் ஸ்டாப்பில் நிற்கக்கூடத் தெரியவில்லை என்ற ஒரு கூச்சம். வீட்டில் கேட்பார்கள், இவ்வளவு காசு கட்டி என்ன கற்றாய் என்று. காட்ட ஒன்றும் இருக்காது. எனக்கு எரிச்சலும் அழுகையும் மாறி மாறி வந்தன. ஐந்தாறு மாதத்தில் இது பலருக்கும் வருவது. விட்டுவிடலாமா என்ற முடிவை அந்த நேரத்தில் எடுக்காமல் பருவ முடிவுக்குத் தள்ளிப்போடுங்கள். ஆனால் வலியோ பழைய மனக்காயமோ கிளறிக்கொண்டு வந்தால் பள்ளியின் தேநீர் மேசை அதற்குப் போதாது. மருத்துவரையோ உளநல ஆலோசகரையோ பாருங்கள்.

இரண்டாம் வருடத்தில் கை வைக்கப் பழகுவது தொடங்கும், முதலில் மனிதர் மேல் இல்லை, நாற்காலியின் முதுகுச் சட்டத்தில். விரல்களை மடக்காமல் நீட்டி ஒருபுறம், கட்டைவிரல் மறுபுறம் வைத்து, மணிக்கட்டு இறுகாமல், முழங்கைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்படி சட்டத்தை மெல்லப் பிடிப்பது. பார்க்க ஒன்றுமில்லாத வேலை. நகம் வெளுத்தால் பிடி அதிகம். மூச்சு நின்றிருந்தால் அதுவும் பிடிதான். அப்புறம் ஒருவர் தலைக்குக் கீழே கை கொண்டுபோகும்போது நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதே தவறைச் செய்கிறோம். அவருடைய தலையை ‘மேலே’ கொண்டுபோக விரல் தூக்குகிறது. தூக்கினதும் அவருடைய பிடரித் தசை எதிர்த்து இறுகும். அது கையில் தெரியும், தெரிந்ததும் நாம் இன்னும் கொஞ்சம் தூக்குவோம். திருத்தம் கையில் இல்லை. கையை எடுத்துவிட்டு, உங்கள் பாதம் தரையில் இருக்கிறதா, முழங்கால் பூட்டிக்கொண்டதா, உங்கள் கழுத்து என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி வையுங்கள். ஆசிரியரின் முதுகு எப்படி இருக்கிறதோ அதைத்தான் அவர் கை அடுத்தவருக்குச் சொல்லும். இதை விளக்கத் தெரியாத, ‘உணர்ந்தால் தெரியும்’ என்று மட்டும் சொல்கிற பயிற்சியாளரிடம் கட்டுகிற பணத்தில் பாதி வீண்.

கை பழகத் தொடங்கிய இந்தக் கட்டத்தில்தான் என் பள்ளி ஆட்டம் கண்டது. இந்தப் பள்ளிகள் பல தலைமைப் பயிற்சியாளர் ஒருவரின் பெயரிலும் உடல்நலத்திலும் நிற்பவை. அவருக்கு உடம்பு முடியாமல் போனால் அங்கீகாரம், இடத்தின் குத்தகை, மாணவர் பதிவேடு எல்லாம் ஒன்றாக ஆடும். அறிகுறிகள் முன்பே தெரிந்தன. வெளியிலிருந்து வரும் ஆசிரியர்கள் குறைந்தார்கள், பருவ நடுவில் கட்டண நினைவூட்டல் வந்தது, காலியான இடத்துக்குப் புது மாணவர் வரவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மின்னஞ்சல், அடுத்த பருவம் இல்லை என்று. நடப்புப் பருவத்தின் பிற்பாதிக் கட்டணமும் சேரும்போது கட்டிய முன்பணமும் போய்விட்டன. கேட்டால் அவர் நோயாளி, சண்டை போட மனம் வராது. கோபமும் குற்ற உணர்ச்சியும் ஒன்றாக வருகிற நிலை அது, தூக்கம் போய்விடும்.

ஆகவே சேரும்போதே நான்கு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். தலைமைப் பயிற்சியாளரால் நடத்த முடியாமல் போனால் யார் ஏற்பார் என்ற பெயர். முன்பணம் கடைசிப் பருவத்தில் கழிக்கப்படுமா, மூடினால் திரும்புமா என்பது. கட்டணம் பருவத்துக்குப் பருவம் மட்டும் என்பது. வருடம் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றால் அந்தத் தள்ளுபடி வேண்டாம். கடைசியாக, கடன் அட்டையில் கட்ட வசதி. பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான ஒரு சேவைக்குக் கடன் அட்டையில் நேரடியாகக் கட்டியிருந்தால், சேவை கிடைக்காதபோது 1974-ஆம் ஆண்டுக் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனத்திடமே கேட்கலாம். டெபிட் அட்டைக்கும் வங்கிப் பரிமாற்றத்துக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. என் பள்ளி வங்கிப் பரிமாற்றம் மட்டுமே வாங்கியது.

பணத்தைவிட வலித்தது மணிக்கணக்கு. வருகைப் பதிவேடு பள்ளியில் இருந்தது, பள்ளி இல்லை. அடுத்த பள்ளி பழைய மணிகளில் எவ்வளவை ஏற்பது என்பதை ஆளைப் பார்த்து, கையைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். கையெழுத்தில்லாத மணிக்கு மதிப்பில்லை. எனக்குக் கூடுதலாக ஒரு பருவத்துக்கும் மேல் ஆனது. நீங்கள் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, வந்த நேரம், போன நேரம், அன்று வேலை செய்த ஆசிரியர், எதைச் செய்தோம் என்று ஒரு வரி. மாதக் கடைசியில் தலைமைப் பயிற்சியாளரின் கையெழுத்து, அன்றே ஒரு புகைப்படம். ஒவ்வொரு பருவ முடிவிலும் மொத்த மணியைக் கடிதமாகக் கேளுங்கள். பள்ளி நன்றாக நடக்கும் காலத்தில் யாரும் தயங்காமல் கொடுப்பார்கள்.

பள்ளி மாறும்போது யாரும் எச்சரிக்காத இன்னொன்று, கைவழி மாறுவது. அலெக்சாண்டரிடம் நேரடியாகக் கற்றவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி வழியில் சொல்லிக்கொடுத்தார்கள். வால்டர் காரிங்டன் வழியில் வந்த பள்ளிகளின் கை மென்மையானது, நிதானமானது. பேட்ரிக் மெக்டொனால்ட் வழியில் இன்னும் தெளிவான, விசையுள்ள கை. அலெக்சாண்டரின் சகோதரி மகள் மார்ஜரி பார்லோ வழியில் தடுத்து நிறுத்துவதற்கும் மனதில் கட்டளை சொல்வதற்கும் முதலிடம். எது உயர்வு என்று சண்டை போடுவோர் உண்டு, அதில் நேரம் செலவழிக்காதீர்கள். ஆனால் ஒன்றில் ஒன்றரை வருடம் பழகிய பிறகு மற்றொன்றுக்குப் போனால் முதல் சில மாதம் எதையும் பழகாதவர் போல இருக்கும். சேருவதற்கு முன் குறைந்தது மூன்று வழிகளில் ஐந்தைந்து தனிப் பாடமாவது எடுத்துப் பாருங்கள். எழுநூறு பவுண்டு வரை ஆகும், பின்னால் போவதைவிடக் குறைவு.

மூன்றாம் வருடம் ஒப்பீட்டில் சீராகப் போகும். வெளியாட்களை அழைத்துவந்து மேற்பார்வையில் பாடம் நடத்துவீர்கள், வெளி மதிப்பீட்டாளர் வந்து கை வைக்கச் சொல்லிப் பார்ப்பார். எந்த இடத்தில் கை வைக்கப்போகிறேன் என்பதை முதலில் வாயால் சொல்லி, ‘சரி’ என்று கேட்ட பிறகே வைக்கும் பழக்கத்தை இங்கேயே ஊற வையுங்கள். நம் பெண்கள் பலர் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிடுவார்கள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சான்றிதழுக்குப் பிறகு வேலை தானாக வராது. பிரிட்டனில் இந்தத் தொழிலுக்குச் சட்டப்படி உரிமம் தேவையில்லை, மூன்று வருடம் படிக்காதவரும் பலகை மாட்டலாம். ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக், ராடா நாடகப் பள்ளி போன்ற இடங்களில் இந்தப் பாடம் உண்டு, ஆனால் அங்கே ஆசிரியர் வேலைகள் சொற்பம். வருகிறவரிடம் எதைச் சொல்லலாம் என்பதில் கறாராக இருங்கள். 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில் நாட்பட்ட, அடிக்கடி வரும் முதுகுவலிக்காரர்கள் 579 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு வருடம் கழித்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நான்கு வாரத்தில் நடுமதிப்பாக 21 நாள் வலி. 24 பாடம் எடுத்தவர்களுக்கு 3 நாள். பார்கின்சன் நோயில் சமநிலை, இயக்கச் சிக்கல் உள்ளவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று, சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் பிரிட்டிஷ் அமைப்பான நைஸின் வழிகாட்டி 2017-ல் சொல்லியிருக்கிறது. இதைத் தாண்டி ஆஸ்துமா, ரத்த அழுத்தம், கூன் எல்லாம் போகும் என்று துண்டுப் பிரசுரத்தில் அச்சடிக்காதீர்கள். விளம்பரத் தர ஆணையம் கேட்டால் பதில் இருக்காது.

என் பகுதியில் 40 நிமிடப் பாடத்துக்கு 45 பவுண்டு வாங்க முடிகிறது, அறை மணிக்கு 15 பவுண்டு. அதிலேயே காப்பீடு, சங்கச் சந்தா, வரி எல்லாம். முதல் வருடத்தில் வாரம் ஆறேழு பாடம் வந்தாலே பெரிது, பழைய வேலையைப் பாதி நேரமாவது விடாமல் வைத்திருங்கள். அறையை மணிக்கணக்கில் எடுங்கள். வாரம் பன்னிரண்டு பாடம் மூன்று மாதம் தொடர்ந்து வரும்வரை மாத வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.